மானமும் அறமும்

நம் கல்லூரியில் யான் தமிழாசிரியனாகப் பணிபுரிந்த காலத்தில், பரிசளிப்பு விழாவுக்கென மாணவர் சிலருக்குப் பண்டாரவன்னியன் நாடகம் பழக்க நேர்ந்தது. காக்கை வன்னியன் வேடம் பூண்ட மாணவன் ஒத்திகையின் நடுவே மரவாளைக் கீழே வைத்துவிட்டு, "சேர், இவனுக்குப் போனதும் மானந்தானே? பண்டாரவன்னியன் மானத்துக்காகச் சண்டை பிடிச்சால் வீரன்; இவன் மானத்துக்காகச் செய்தால் மட்டும் துரோகியோ?" என்று என்னைக் கேட்டான். மற்றையோர் நகைத்தனர். யானும், "முதலில் வசனத்தைப் பாடமாக்கு, தம்பி" என்று கூறி அவனை அடக்கிவிட்டேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. இம்மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, பழைய கடனொன்றை ஈண்டுத் தீர்க்கலாமென எண்ணினேன். அம்மாணவன் இன்று எந்நாட்டில் இருப்பினும் இதனை வாசிப்பானாக.

முதற்கண் வரலாற்றை நோக்குவோம். 1803 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டி மீது படையெடுத்துப் பெருந்தோல்வி யடைந்தனர். அவ்வேளையில் கண்டியரசின் துணையைப் பெற்ற பண்டாரவன்னியன் வன்னியெங்கும் கிளர்ச்சியை எழுப்பி, ஆகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைக்கொண்டான். கோட்டைக்குப் பொறுப்பாயிருந்த கப்டன் வொன் டிறிபேர்க் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பிச் சென்றான். பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்றிடங்களினின்றும் படைகள் ஏவப்பட்டன. ஒக்டோபர் 31 ஆம் நாள் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவிலே வன்னியன் படை முறியடிக்கப்பட்டது. பிற்காலத்தில் அவ்விடத்தில் நாட்டப்பட்ட கல், வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்று மாத்திரமே கூறிற்று. கொன்றான் என்று கூறவில்லை. கல்லிற் காணப்படாத அந்த இறப்பையும் அதற்குரிய காரணத்தையும் கர்ணபரம்பரைக் கதையே நமக்குத் தந்தது.

கதை யாவரும் அறிந்ததே. பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சியார் அரசவைப் புலவன் ஒருவனிடம் நேசம் கொண்டிருந்தாள். குறுநிலத் தலைவனாகிய காக்கை வன்னியன் அவளைத் தனக்கு மணஞ்செய்து தருமாறு கேட்டு மறுக்கப்பட்டான். புலவனோடு வாட்போர் புரிந்து தோற்று இழிவடைந்தான். அவ்விழிவை ஆற்றாது வெள்ளையரோடு கூடி, மனந்திருந்தியவன் போல் நடித்து, பண்டாரவன்னியனைப் பகைவர் கையில் அகப்படச் செய்தான். செய்தி கேட்ட குருவிச்சி நாச்சியார் நஞ்சுண்டு மாய்ந்தாள். முள்ளியவளை தந்த எழுத்தாளர் முல்லைமணி வே. சுப்பிரமணியம் அவர்களுடைய 'பண்டாரவன்னியன்' நாடகமும், வன்னிக் கிராமங்களில் இரவிரவாக ஆடப்பட்ட கூத்துகளும் இக்கதையை நம்மவர் நெஞ்சில் நிலைபெறச் செய்தன.

ஆராய்ச்சியாளர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியைப் பறங்கியர் கையிற் பிடித்துக் கொடுத்தவன் பெயரும் காக்கை வன்னியன் என்றே யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. இருவேறு நூற்றாண்டுகளில் இருவேறு அரசர்க்கு ஒரே பெயருடையான் ஒருவனே துரோகியாக வாய்த்தல் அரிது. காட்டிக்கொடுப்பவனுக்கென நம் முன்னோர் ஒரு பெயரை ஒதுக்கி வைத்திருந்தனர் போலும். ஆகவே காக்கை வன்னியன் கதை நடந்ததா இல்லையா என்பது நமக்கு இங்கே பெரிதன்று. இத்துணைப் பெரிய வீழ்ச்சிக்குக் காரணம் யாதென எண்ணிய மக்கள், பீரங்கியைக் கூறவில்லை, கண்டியின் தளர்ச்சியைக் கூறவில்லை. ஒரு மனிதனின் புண்பட்ட மானத்தைக் கூறினர். அக்கூற்றே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

மானம் எந்நாட்டில் வேரூன்றும்? அமெரிக்க உளவியலாளர் றிச்சட் நிஸ்பெற், டொவ் கோகன் என்போர் 1996 இல் வெளியிட்ட நூலொன்றில், அந்நாட்டின் தென்பகுதியார் சிறு அவமதிப்புக்கும் பெரிதுஞ் சினப்பதற்குக் காரணம் தேடினர். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே மாணவரை ஒருவன் தோளால் இடித்து வசைச்சொல் கூறுமாறு ஏற்பாடு செய்து, அவர்தம் உடலில் எழும் மாற்றங்களை அளந்தனர். வடபகுதி மாணவர் அதனைச் சிறிதாகக் கொண்டனர். தென்பகுதி மாணவர்க்கோ சினத்துக்குரிய சுரப்புகள் உயர்ந்தன. அவர்தம் முன்னோர் மந்தை மேய்த்து வாழ்ந்தவர். அரசும் நீதிமன்றமும் எட்டாத எல்லைப்புறங்களிற் குடியேறியவர். வயலை எவரும் இரவிற் களவாடிக்கொண்டு போக இயலாது. மாட்டை ஓட்டிச் செல்லலாம். ஆகவே மாடுடையான், 'இவனோடு மோதுதல் தகாது' என்னும் பெயரையே தன் வேலியாகக் கொண்டான் என்பது அவர்கள் துணிபு.

இதனை வாசித்தபோது எனக்கு வியப்புண்டாகவில்லை. நம் பழந்தமிழ்ப் புறத்திணையில் முதலில் நிற்பது வெட்சி. அஃது ஆநிரை கவர்தல். அதனை மீட்டல் கரந்தை. அங்ஙனம் மீட்கும்போது பட்டவனுக்குக் கல் நடப்பட்டது. வன்னியோ குளத்தைப் போலவே மாட்டையும் நம்பி வாழ்ந்த நாடு. குறிசுட்ட மாடுகள் காட்டில் மேய, குறியே உடையவனின் பெயராக நின்றது. ஒல்லாந்தரும் அதனை எளிதில் அடங்காத நாடாகவே கண்டனர். 'அடங்காப்பற்று' என்ற பெயரும் அதற்கு வழங்கிற்று. யானை வாழும் காடும், நுளம்புக் காய்ச்சலும், ஒன்றற்கொன்று தொலைவான குளக்கட்டுக் குடியிருப்புகளும் உள்ள நாட்டிலே, எழுதிய பத்திரத்தினும் சொன்ன சொல்லே பெரிது. இன்னார் மகன் சொன்னான் என்றால் நெல் அளந்து கொடுக்கப்படும். அச்சொல் தவறினவன் சபை சந்தியில் தலைகாட்ட இயலாது. இத்தகைய மானம் வன்னி மக்களைப் பல நூற்றாண்டுகள் காத்தது என்பதை மறுத்தல் நன்றி மறத்தலாகும். நீதிமன்றம் இல்லாத இடத்தில் நீதிமன்றத்தின் வேலையை அது செய்தது.

ஆயின் மானமும் அறமும் ஒன்றா? திருவள்ளுவர் நூலை எடுத்து அதிகார வைப்பை மாத்திரம் நோக்குவோம். மானம் 97 ஆம் அதிகாரம். அது நிற்பது அறத்துப்பாலில் அன்று. பொருட்பாலில், குடிமைக்கு அடுத்ததாக நிற்கின்றது. மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமாவை மானமுடையார்க்கு உவமை கூறிய அதே புலவர், மானத்தை அறத்தின் இயல்புகளோடு வைத்து எண்ணாமல், குடிப்பிறந்தார்க்குரிய பண்புகளோடு வைத்து எண்ணினார். (கவரிமாவை மானாக்கிப் படம் வரையும் வழக்கத்தை நம் பாடநூலார் விடுவார்களாயின் நன்று. அது பனிநாட்டில் வாழும் சடைவிலங்கு.) அடுத்த அதிகாரம் பெருமை. அதனுள் இரண்டாம் குறளிலேயே, பிறப்பினால் எவ்வுயிர்க்கும் வேறுபாடில்லை என்று கூறிவிடுகின்றார். மானம் பேசி முடித்த கையோடு அதனைக் கூறவேண்டிய தேவை அவர்க்கு ஏன் உண்டாயிற்று? குடிமையிலிருந்து மானத்துக்கு வந்தவன், அங்கேயே தங்கிவிடாதபடி வழிமறித்தார் என்றே யான் கொள்கின்றேன்.

இனி, மாணவன் வினாவுக்கு வருவோம். காக்கை வன்னியன் பெண் கேட்டான். அவள் அவனை விரும்பவில்லை. அவள் வேறொருவனை விரும்பினாள் என்பது அவளைப் பற்றிய செய்தி. அவளுடைய நெஞ்சைப் பற்றிய செய்தி. ஆயின் காக்கை வன்னியனுக்கு அது தன்னைப் பற்றிய செய்தியாகத் தோன்றிற்று. பிறர் ஒருவர் தம் விருப்பப்படி வாழ்தலே தன் முகத்தில் விழுந்த அடியென எண்ணுதல், மானங் கொண்டாருக்கு நேரும் பெருந்தீங்கு. அத்தீங்குக்கு ஆட்பட்டவன் கண்ணுக்கு மற்றையோர் மனிதராகத் தோன்றார். தன் முகம் பார்க்கும் கண்ணாடிகளாகவே தோன்றுவர். கண்ணாடியில் முகம் கோணலாகத் தெரிந்தால் அதனை உடைப்பதில் அவனுக்குத் தயக்கம் இராது. பண்டாரவன்னியன் மானங்காத்தான் என்று நாம் கூறும்போது, பிறர் நாட்டைப் பறிக்க வந்தாரை எதிர்த்தான் என்று பொருள்படுகின்றது. அவனை நம்பிய குடிகளும் அதிலே அடங்குவர். காக்கை வன்னியனின் மானத்துக்குள்ளே அவனைத் தவிர வேறெவரும் இல்லை. மானத்தின் அளவு இருவர்க்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அதற்குள்ளே எத்தனை பேருக்கு இடமிருந்தது, அதன் விலையை யார் கொடுத்தார் என்பவற்றிலேயே வேற்றுமை உண்டு.

சங்கச் சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையிலே தண்ணீர் கேட்டு, அது மதிப்பின்றிக் காலந்தாழ்த்துக் கொடுக்கப்பட்டமையால் உண்ணாது இறந்தான் என்பர். அதன் விலையை அவனே கொடுத்தான். அதனைப் போற்றலாம், போற்றாதும் விடலாம். பிறர் உயிரைக் கொடுத்துத் தன் மானத்தை வாங்குபவனைப் போற்ற இயலாது. நாடகத்தில் குருவிச்சி நாச்சியார் மாயும் காட்சியில் மண்டபம் அதிரக் கைதட்டுவர், யானும் தட்டியதுண்டு. உயிரோடு இருந்து அழுது, வயல் உழுது, பிள்ளை வளர்த்த எந்தப் பெண்ணுக்காகவும் நம் மேடைகளில் அங்ஙனம் கைதட்டல் எழுந்ததை யான் கேட்டிலேன்.

வன்னியில் நடந்ததற்குச் சில கிழமைகளின் முன்னர், அதே 1803 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மகாவலி கங்கைக் கரையில் மற்றொன்று நடந்தது. கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், மதுரை நாயக்கர் வழிவந்த முத்துசாமி என்னும் இளவரசனுக்கு முடிசூட்டித் தம் பாதுகாப்பில் வைத்திருந்தனர். பின்னர் நோயாலும் முற்றுகையாலும் தளர்ந்து மேஜர் டேவி சரணடைந்தான். ஆற்றைக் கடக்க வழியின்றி வத்தபுளுவையில் நின்றபோது, முத்துசாமியைத் தரவேண்டுமென்று கண்டியர் கேட்டனர். டேவி முதலில் மறுத்தும், ஈற்றில் கொடுத்துவிட்டான். இளவரசன் கொல்லப்பட்டான். அவனைக் கொடுத்ததனால் ஆங்கிலப் படை பிழைத்ததோ எனின், அதுவுமில்லை. அடுத்தடுத்து அவர்களும் கொல்லப்பட்டனர். டேவி பல ஆண்டுகள் கண்டியிற் கைதியாகவே இருந்து மடிந்தான். அடைக்கலம் என்று வந்தவனைக் கைவிடாமை மானம். அதுவே அறமும் ஆம். இரண்டும் ஒரே திசையைக் காட்டும் இடங்களும் உண்டு என்பதற்காகவே இதனைக் கூறினேன். அத்தகைய இடங்களில் மானம் அறத்துக்கு நல்ல வேலையாள்.

இரண்டும் வெவ்வேறு திசை காட்டும்போதே மனிதன் சோதிக்கப்படுகின்றான். மறு ஆண்டில், 1804 யூலை 11 ஆம் நாள், அமெரிக்காவிலே உப சனாதிபதியாயிருந்த ஆரன் பேர் என்பானும், முன்னாள் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹமில்ற்றனும் துப்பாக்கியேந்தித் தனிப்போர் புரிந்தனர். ஹமில்ற்றன் இறந்தார். தனிப்போர் தம் சமயத்துக்கும் அறக்கொள்கைக்கும் மாறானதென அவரே எழுதி வைத்துவிட்டுச் சென்றார். மூன்றாண்டுகளின் முன்னர் அவர் மூத்த மகன் இறந்ததும் அத்தகைய போரிலேயே. அறிந்திருந்தும் சென்றார், செல்லாவிடின் பொதுவாழ்வில் தம் சொல்லுக்கு மதிப்பிராது என அஞ்சினார். கல்வியும் அறிவும் உடைய ஒருவர்க்கே இந்நிலை எனின், நம் கிராமத்து மனிதன் 'ஊர் என்ன சொல்லும்' என்று நடுங்குவதை யாம் எள்ளுதல் பொருந்தாது.

நம் நாட்டிலே மானத்தின் பெயரால் மிகுதியும் விலை கொடுப்போர் பெண்கள். சீதனம், சாதி, விதவைநிலை ஆகிய மூன்று வாயில்களாலும் அவ்விலை அறவிடப்படுகின்றது. தமிழகத்தில் நிகழ்ந்தது ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். 2003 ஆம் ஆண்டில் விருத்தாசலத்தை அடுத்த ஓர் ஊரிலே, சாதி கடந்து மணஞ்செய்துகொண்ட இளைஞனும் பெண்ணும் பெண்ணின் சுற்றத்தாராலேயே நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். வழக்கு 18 ஆண்டுகள் இழுபட்டு, 2021 இல் கடலூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை, உடன்பிறந்தான் முதலிய 13 பேருக்குத் தண்டனை விதித்தது. அவருள் இருவர் காவற்றுறையினர். அப்பெண்ணுக்குப் பெற்றோர் சூட்டிய பெயர், நாம் வற்றாப்பளையில் வணங்கும் தெய்வத்தின் பெயர்.

இத்தகைய கொலைகளைச் செய்தித்தாள்கள் முன்னர் 'கௌரவக் கொலை' என்று எழுதின. பின்னர்ச் சிந்தனையுடையோர் சிலர் அச்சொல்லை மறுத்து 'ஆணவக் கொலை' என்று எழுதத் தொடங்கினர். இன்று அதுவே பெருவழக்காயிற்று. சொல் மாறியதில் என்ன உண்டு என்பார்க்குச் சைவ சித்தாந்தம் பயின்றோர் விடை கூறுவர். ஆணவம் மும்மலங்களுள் மூலமலம். செம்பிற் களிம்பு போலவும், நெல்லில் உமி போலவும் உயிரோடு கூடியே இருப்பது. அது பிறிதொன்றைக் காட்டாது மறைக்கும், தன்னையும் காட்டாது. உள்ளே நின்று 'எனது மானம்' என்று பேசுவது அதுவே என்பதை மானமுடையான் அறியான். அதனால் அது பிறரால் எளிதிற் காணப்படும், உடையவனாற் காணப்படாது. நெல்லுக்கு உமி வேண்டும். உமியின்றி நெல் முளையாது. ஆயினும் உமியை யாரும் உலையில் இடுவதில்லை. மானத்தையும் இங்ஙனம் கொள்ளலாமோ எனச் சிந்தித்ததுண்டு. இதனைச் சித்தாந்தப் புலவர் ஒப்புவரோ அறியேன். வயலில் வளர்ந்தவன் என்ற உரிமையாற் கூறினேன்.

மானம் சில நாட்களில் நம்மிடமிருந்து அடியோடு கழன்று போனதையும் யாம் கண்டோம். 2009 இல் போர் முடிந்தபோது வவுனியா மாவட்டத்து முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியது செட்டிகுளத்து மெனிக்பாம். 2012 செப்ரெம்பரிலேயே அது மூடப்பட்டது. அங்கே தண்ணீர் வண்டியின் பின்னால் வரிசை. தன் கிணற்றில் மற்றொருவர் வாளி தோய்க்க விடாத பெரியவர் ஒருவரை யான் அறிவேன். அவர் அவ்வரிசையிலே, முன்னாளில் தாம் முற்றத்தில் நிறுத்திப் பேசிய ஒருவரின் பின்னே நின்றார். அம்மனிதர் தம் முறை வந்தபோது, "ஐயா, நீங்கள் முதல் பிடியுங்கோ, உங்களுக்கு ஏலாது" என்று விலகி நின்றார். பெரியவர் பிடித்தார், குடித்தார். அவர் கண் கலங்கியதையும் கண்டேன். ஊர் திரும்பிக் கூரைத் தகடு ஏறிய ஆறு மாதங்களுள், கிணற்றுக் கட்டும் பழைய வழக்கமும் ஒன்றாகவே எழுந்தன. அப்பெரியவரை யான் வெறுக்கவில்லை. எல்லாம் இழந்தவன் தன்னிடம் எஞ்சியது என எதனைப் பிடித்துக்கொள்வான்? வீடு போயிற்று, மாடு போயிற்று, பிள்ளைகள் போயினர். குடிப்பெருமை ஒன்றே செல்லடிக்கு உடையாமல் வந்து சேர்ந்தது. போருக்குப் பின் நம் ஊர்களில் மானப்பேச்சு முன்னிலும் உரத்து ஒலித்தமைக்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

மானத்தையே அறத்துக்குத் துணையாக்கலாம் என்பாரும் உளர். குவாமே அந்தனி அப்பையா என்னும் மெய்யியலார் 2010 இல் எழுதிய நூலிலே, சீனத்துப் பெண்களின் கால்களைக் கட்டிக் குறுக்கும் வழக்கம் தீதென்பது நெடுங்காலம் அறியப்பட்டிருந்தும், அது உலகின் முன்னே தம் நாட்டுக்கு இழிவு என்ற எண்ணம் படித்தோரிடை எழுந்த பின்னரே ஒழிந்தது என்று காட்டுகின்றார். தனிப்போரும் எள்ளி நகைக்கப்பட்ட பின்னரே மறைந்ததாம். இதில் உண்மை உண்டு. சீதனம் வாங்கினேன் என்று சொல்ல மாப்பிள்ளை வெட்கப்படும் நாள் வருமாயின், நூறு மேடைப் பேச்சாலும் ஆகாதது ஆகிவிடும். வள்ளுவர் கூறும் நாணுடைமையும் இதற்கு அணித்தானதே. பெண்ணின் வெட்கம் வேறு, தகாத செயலுக்கு நாணுதல் வேறு என்று அவர் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார். பிறர்க்கு வரும் இழிவையும் தமக்கு வந்ததாகக் கருதி நாணுவோரையே நாணின் உறைவிடம் என்கின்றார். காக்கை வன்னியனிடம் அந்த நாண் இருந்ததில்லை.

கண்ணகி வழக்கில் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் அது இருந்தது. வந்து நின்றவள் வேற்று நாட்டாள், வணிகர் குலத்தாள், துணையற்றவள். அவளால் அரசனுக்கு ஏற்படக்கூடிய அவமானம் எதுவுமில்லை. வாயிலோனை ஏவி அகற்றியிருக்கலாம். அவனோ வழக்கைக் கேட்டான். சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்தபோது, தான் பிழைத்ததை உணர்ந்து அரியணையிலேயே உயிர் நீத்தான். ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி இறந்தானல்லன். (மதுரையை எரித்தது அறமோ என மாணவர் கேட்பர். பார்ப்பார், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகளை விடுமாறு தீக்கு ஆணையிட்டதாகக் காப்பியமே கூறுவதால், ஆசிரியர்க்கும் அவ்வினா எழுந்திருந்தது என்று மாத்திரம் கூறி அமைகின்றேன்.)

அக்கண்ணகி வன்னிக்கு வந்த கதையில் நெருப்பு இல்லை. நந்திக்கடலோரத்திலே மாடு மேய்த்த சிறுவர் சிலரிடம் முதியவள் ஒருத்தி வந்து பசிக்கின்றது என்றாள். சிறுவர் பொங்கிக் கொடுத்தனர். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை அள்ளி ஊற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. தலையிற் பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்தபோது தலையெல்லாம் கண்கள் தெரிந்தன. பின் மறைந்தாள். பத்தாவதாகத் தங்கிய இடமாதலின் பத்தாப்பளை, அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பர். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர்ச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலே கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோயிலில் அதனால் விளக்கேற்றுவர். இக்கதையில் யான் மிகுதியும் எண்ணுவது விளக்கை அன்று. அச்சிறுவர், வந்தவள் யாரென்று கேட்கவில்லை. எந்தக் குடி, யார் மகள், எவ்வூர் என்று ஒரு சொல்லும் இல்லை. யாரென்று அறிந்த பின்னர் மதிப்பது மானத்தின் வழக்கம். மாடு மேய்க்கும் பிள்ளைகளிடம் ஊரார்க்குக் காட்டவேண்டிய முகம் எதுவும் இருந்திலது. அரிசியும் பானையும் இருந்தன.

இவ்வளவும் எழுதியபின், எழுதும் தகுதி எனக்கு உண்டோ என்பதையும் சொல்லிவிடல் வேண்டும். என்னிடம் கற்ற மாணவி ஒருத்தி 2013 இல் என் வீட்டுக்கு வந்தாள். அவள் கணவன் 2009 மே மாதத்தில் காணாமற் போனவன். கையில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை. அயற்கிராமத்துத் தச்சுத் தொழிலாளி ஒருவர், மனைவியைப் போரில் இழந்தவர், அவளை மணஞ்செய்ய விரும்பினார். அவளுக்கும் விருப்பம். அண்ணன்மார் உடன்படவில்லை, கணவன் இறந்தானென்று யார் கண்டது, குடும்ப மானம் என்னாவது என்றனர். "சேர், நீங்கள் ஒரு சொல் சொன்னால் அண்ணா கேட்பார்" என்றாள். அவள் அண்ணனும் என் மாணவன். கோயிற் பரிபாலன சபையில் எனக்குப் பக்கத்தில் இருப்பவன். யான் சொன்னது இது: "ஊர் என்ன சொல்லும், பிள்ளை? கொஞ்சக் காலம் பொறு."

அவள் பொறுக்கவில்லை. பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குச் சென்றாள். அதற்கு மாத்திரம் குடும்ப மானம் இடங்கொடுத்தது. நான்கு ஆண்டுகள் அவள் அனுப்பிய பணத்தில் அண்ணனின் வீட்டுக்கு மதிலும் இரும்புப் படலையும் வந்தன. தச்சுத் தொழிலாளி வேறிடத்தில் மணஞ்செய்துகொண்டார். எவரும் எவரையும் கொல்லவில்லை; எவரும் துரோகி எனப்படவில்லை. நாடகமாக நடிக்கத் தக்க சம்பவம் எதுவும் நடைபெறவில்லை.

அவள் திரும்பிய ஆண்டில் வற்றாப்பளைப் பொங்கலன்று, கோயில் வெளியிலே அவளைக் கண்டேன். மகளோடு மூன்று கல் வைத்துப் பொங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, வாழையிலையில் பொங்கலை வைத்து இரு கையாலும் நீட்டினாள். மகள் நம் கல்லூரியிற் படிப்பதாகக் கூறினாள். இலையைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு ஆண்டுகளாகச் சொல்ல எண்ணியதைச் சொன்னேன்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை, பிள்ளை."

அவள் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்து மணலில் அணைத்தாள். "அது முடிஞ்சுது, சேர்" என்றாள். "ஆறமுன்னம் சாப்பிடுங்கோ."